ஓய்வும் ஒரு பாடம்தான்: வேலைக்குப் போகும் பெண்களுக்கு 15 நிமிடத் தளர்வுப் பயிற்சி

விடியற்காலை 4.30 மணிக்கு அலாரம். சோறு வடித்து, குழம்பு வைத்து, பிள்ளைகளின் பையை எடுத்து வைத்து, தனக்கும் ஒரு டப்பா கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினால்தான் கம்பெனி பஸ் கிடைக்கும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகும் பல பெண்களின் நாள் இப்படித்தான் தொடங்குகிறது. ஜவ்வாதுமலை அடிவாரத்தில் இருக்கும் அமிர்தி மாதிரி ஊர்களில் இருந்து கிளம்புகிறவர்கள் இன்னும் சீக்கிரம் எழ வேண்டும். அங்கிருந்து வேலூருக்கு வரவே சுமார் 25 கிலோமீட்டர்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது "உடம்பை அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லாத பெண் குறைவு. "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தூங்கி எழுந்தும் சரியாகவில்லை என்றால்?

அந்தக் கேள்விக்கான பாடம்தான் இது. உங்கள் சோர்வு எந்த வகை என்று முதலில் கண்டுபிடிப்போம். பிறகு, வேலை நாளுக்குள்ளேயே செய்யக்கூடிய மூன்று யோகத் தளர்வுப் பயிற்சிகளைக் கற்றுக்கொள்வோம். பயிற்சியால் தீராத பிரச்சினைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதையும் கடைசியில் பார்ப்போம்.

சோர்வு எங்கிருந்து வருகிறது?

2019-20 தொழிற்சாலைகள் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நமக்குப் பெருமையான விஷயம். ஆனால் அந்தப் பெண்களுக்கு வேலை ஆலை வாசலோடு முடிவதில்லை. 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது. ஆண்களுக்கு அது 88 நிமிடம். 289 நிமிடம் என்றால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சம்பளம் இல்லாத இன்னொரு ஷிப்ட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆலைக்குள் இருக்கும் எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி இல்லை. ஸ்டிச்சிங்கில் இருப்பவருக்குக் கழுத்து குனிந்தே இருக்கும், கண் ஊசி முனையை விட்டு நகராது. கட்டிங், பேக்கிங்கில் நிற்பவருக்குக் காலும் இடுப்பும் கனக்கும். பசை ஒட்டும் இடத்தில் இருப்பவருக்கு நெடியில் தலை வலிக்கும். வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஊசி நூலால் தைக்கும் பெண்களுக்கு விரலும் முதுகும் போய்விடும். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது டார்கெட். "லைன்ல நம்மால பீஸ் நின்னுடக் கூடாதே" என்ற பயம் நாள் முழுக்க உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் உடம்பில் தானாக இயங்கும் நரம்பு மண்டலத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று பரிவு நரம்பு மண்டலம். இதை ஆக்ஸிலரேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து, அவசரம், திட்டு என்று எது வந்தாலும் இது வேலை செய்யும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும். இன்னொன்று எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். இது பிரேக். துடிப்பைக் குறைக்கும், செரிமானத்தை நடத்தும், தூக்கத்துக்குத் தயார் செய்யும்.

வேலை முடிந்தும் கால் ஆக்ஸிலரேட்டரிலேயே இருப்பதுதான் பிரச்சினை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் தோள் காதை நோக்கி ஏறியே இருக்கும், பல் கடித்தபடி இருக்கும். படுத்த பிறகும் மனசு பீஸ் எண்ணிக்கொண்டிருக்கும். எட்டு மணி நேரம் படுத்தாலும் உடம்பு ஓய்வெடுத்திருக்காது.

"பதறாதே" என்று இதயத்துக்கு நாம் கட்டளை போட முடியாது. ஆனால் மூச்சின் வேகத்தையும் தசையின் இறுக்கத்தையும் நாமே மாற்ற முடியும். இவை இரண்டின் வழியாகப் பிரேக்கை அழுத்துவதே தளர்வுப் பயிற்சியின் அடிப்படை. சவாசனம் களைப்பைப் போக்கும் என்று சுமார் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை சொல்கிறது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், தசையை இறுக்கித் தளர்த்தும் முறையை 1929-இல் நூலாக வெளியிட்டார். பீகாரில் முங்கேர் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி, படுத்தபடியே உடம்பின் ஒவ்வொரு பாகமாகக் கவனத்தைக் கொண்டுபோகும் யோக நித்திரை முறையை வகுத்தார். கீழே வரும் பயிற்சிகள் இந்த மூன்றின் எளிய கலவை. இதற்கு உடம்பை வளைக்க வேண்டியதில்லை. மேட், தனி உடை எதுவும் தேவையில்லை. எந்த மதத்தைச் சேர்ந்தவரும், எந்த வயதினரும் செய்யலாம்.

முதலில் ஒரு சோதனை: உங்களுடையது எந்தச் சோர்வு?

பயிற்சிக்குப் போவதற்கு முன் இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கட்டுரையிலேயே முக்கியமான இடம் இதுதான். எல்லாச் சோர்வும் டென்ஷனால் வருவது இல்லை.

ரத்தசோகை: 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது உங்கள் லைனில் பத்துப் பேர் இருந்தால், அதில் ஐந்து பேருக்கு இருக்கலாம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிப் போயிருக்கிறதா? மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா? பச்சை அரிசி, சாம்பல், மண் என்று வாய் கேட்கிறதா? அப்படியென்றால் ஹீமோகுளோபின் பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழ், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது ரத்தசோகை. ரத்தம் இல்லாத உடம்பை எவ்வளவு மூச்சுப் பயிற்சி செய்தாலும் தேற்ற முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் இரும்புச் சத்து மாத்திரையும் இலவசம். மாத்திரையையோ சாப்பாட்டையோ ஒட்டி டீ குடிக்காதீர்கள். டீ இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர்த்துக்கொண்டால் சத்து நன்றாகச் சேரும்.

தைராய்டு, சர்க்கரை: காரணமே இல்லாமல் எடை கூடுவது, குளிர் தாங்காமல் போவது, முடி கொட்டுவது எல்லாம் தைராய்டு குறைவின் அறிகுறியாக இருக்கலாம். அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண் என்றால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் குறைவு: "பாத்ரூம் போக விட மாட்டாங்க, அதான் தண்ணியே குடிக்கிறதில்ல" என்று பல பெண்கள் சொல்வதுண்டு. வேலூர் வெயிலில் இது தலைவலிக்கும் மயக்கத்துக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் நேர் வழி.

மனச்சோர்வு: இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, தூக்கமே இல்லை, "இருந்து என்ன பண்றது" என்று தோன்றுகிறது என்றால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம். தமிழ்நாட்டில் 2022 முதல் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்கும் மனநல சேவை இது. தமிழிலேயே பேசுவார்கள்.

இவற்றில் எதுவும் இல்லை, அல்லது சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்றால், வாருங்கள் பயிற்சிக்கு.

பயிற்சி 1: மெஷின் பக்கத்தில் 2 நிமிடம்

டீ நேரத்திலோ சாப்பாட்டு இடைவேளையிலோ, மெஷின் அணைந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

முதலில் தோள். மூச்சை உள்ளே இழுத்தபடி இரண்டு தோளையும் காது வரை தூக்குங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். மூச்சை விட்டபடி 'பொத்'தென்று தொங்க விடுங்கள். மூன்று முறை.

அடுத்து கை. இரண்டு கையையும் இறுக மூடி ஐந்து எண்ணுங்கள். விரல்களை அகல விரித்து விடுங்கள். மூன்று முறை. இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிப்பதுதான் இதில் விஷயம். எங்கே இறுகியிருக்கிறோம் என்று தெரிந்தால்தான் அங்கே விட முடியும்.

பிறகு கழுத்து. வலது காதை வலது தோள் பக்கம் மெதுவாகச் சாயுங்கள், இரண்டு மூச்சு அப்படியே இருங்கள். இடது பக்கமும் அதே போல. கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம், சிலருக்குத் தலைசுற்றல் வரும்.

கடைசியில் கண். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, மூடிய கண்மேல் அழுத்தாமல் வையுங்கள். ஐந்து மூச்சு. பசை, சாயம், ரசாயனம் தொட்ட கை என்றால் கழுவிய பிறகுதான்.

பயிற்சி 2: பஸ்ஸில் 5 நிமிடம்

சீட் கிடைத்த நாளில் செய்யுங்கள். பையை மடியில் வைத்து, இறங்கும் இடத்துக்கு அலாரம் வைத்துவிட்டால் கண்ணை மூடப் பயமில்லை.

ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மூச்சை உள்ளே விடுங்கள், வயிறு மெல்ல உப்ப வேண்டும். 6 எண்ணும் வரை மூக்கு வழியாகவே வெளியே விடுங்கள், வயிறு உள்ளே போக வேண்டும். நடுவில் மூச்சை அடக்க வேண்டாம்.

சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இந்தக் கணக்கில் அது 6 ஆகக் குறைகிறது. உள்ளே போவதைவிட வெளியே விடுவது நீளமாக இருப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும், அந்த நேரத்தை நாம் நீட்டுகிறோம். 30 மூச்சு எண்ணினால் 5 நிமிடம் ஆகிவிடும். நடுவில் கணக்கு விட்டுப் போனால் ஒன்றில் இருந்து தொடங்குங்கள், தப்பில்லை. 4-6 கஷ்டமாக இருந்தால் 3-4 என்று ஆரம்பியுங்கள். மூச்சு முட்டுவது போலத் தோன்றினால் உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சு விடுங்கள்.

பயிற்சி 3: இரவு படுக்கும் முன் 8 நிமிடம்

இது சவாசனம். 'சவம்' என்ற பெயர் வீட்டில் பெரியவர்களுக்குப் பிடிக்காவிட்டால் சாந்தியாசனம் என்று சொல்லுங்கள், இரண்டும் ஒன்றுதான்.

நாள் முழுக்க நின்றவர்கள் முதல் 2 நிமிடம் பாய்மேல் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேலோ இரண்டு தலையணை மேலோ தூக்கி வையுங்கள். கால் கனம் குறைவது தெரியும். பிறகு காலைக் கீழே இறக்கி, கால்களைக் கொஞ்சம் அகட்டி, உள்ளங்கை மேல் நோக்கி இருக்கும்படி கைகளைத் தளர விடுங்கள். இடுப்பு வலி இருந்தால் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை வையுங்கள்.

இனி ஒவ்வொரு பாகமாக மனசைக் கொண்டுபோக வேண்டும். இதற்கு உங்கள் போன் உதவும். கீழே இருப்பதை நீங்களோ மகளோ மெதுவாகப் படித்து ரெக்கார்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இரண்டு மூச்சு இடைவெளி விடுங்கள்.

"வலது கால் விரல்... பாதம்... முழங்கால்... தொடை... முழுக் காலும் தளர்ந்து போச்சு.
இடது கால் விரல்... பாதம்... முழங்கால்... தொடை... முழுக் காலும் தளர்ந்து போச்சு.
இடுப்பு, முதுகு... தரை தாங்குது, நான் தாங்க வேண்டியதில்ல.
வயிறு ஏறி இறங்குது... ஏறி இறங்குது.
வலது கை விரல்... முழங்கை... தோள். இடது கை விரல்... முழங்கை... தோள்.
கழுத்து... தாடை... பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இடைவெளி.
கண்... நெற்றி... தலை.
இன்னிக்கு வேலை முடிஞ்சுது. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். நடுவிலேயே தூங்கிவிட்டாலும் பரவாயில்லை, இரவில் அதுதானே வேண்டும். எழ வேண்டியிருந்தால் வலது பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி மெதுவாக எழுந்திருங்கள்.

இரண்டும் ஐந்தும் எட்டும் சேர்த்தால் 15 நிமிடம். ஒரே மூச்சில் 15 நிமிடம் கிடைக்காத நாளில் கிடைத்ததை மட்டும் செய்யுங்கள். ஆனால் வாரத்தில் ஐந்து நாளாவது செய்யுங்கள். இந்த வகைப் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகள் பல, சிறிய குழுக்களிடம் சில வாரங்கள் நடத்தப்பட்டவை. அவற்றில் மன அழுத்தமும் தூக்கமும் மேம்பட்டதாக முடிவுகள் வந்திருக்கின்றன. மந்திரம் போல ஒரே நாளில் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள், நான்கு வாரமாவது கொடுத்துப் பாருங்கள்.

எங்கே, யார் கவனமாக இருக்க வேண்டும்?

பசை ஒட்டும் இடம், ஸ்ப்ரே அடிக்கும் இடம், தோல் பதனிடும் டிரம் பக்கம் ஆகியவற்றில் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி கூடவே கூடாது. ஆழமாக இழுத்தால் நெடியும் ஆழமாகத்தான் போகும். வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வந்து செய்யுங்கள்.

கர்ப்பிணிகள், குறிப்பாக ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, மல்லாந்து படுக்காமல் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துச் செய்யுங்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ சாப்பிடும் மாத்திரையை யோகா செய்கிறோம் என்று நிறுத்திவிடாதீர்கள். கண்ணை மூடினால் பழைய பயமான நினைவுகள் வருகிறது என்றால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யலாம்.

மூச்சால் தீராத பிரச்சினைகள்

தளர்வுப் பயிற்சி உங்கள் உடம்புக்கு. தாங்க முடியாத வேலைச் சுமையைப் பொறுத்துக்கொள்வதற்கான மருந்தாக அதை யாரும் உங்களிடம் கொடுக்கக் கூடாது. நின்று வேலை செய்பவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது இடைவேளை தர வேண்டும் என்றும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கும் உட்காரும் உரிமையை 2021-இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. ஓய்வு என்பது யாரும் போடும் தயவு இல்லை.

இடைவேளை, குடிநீர், கழிப்பறை, காற்றோட்டம் குறித்த குறைகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் தெரிவிக்கலாம். 1100 என்ற முதல்வரின் உதவி மையத்திலும் பதிவு செய்யலாம்.

உங்கள் அழுத்தத்துக்குக் காரணம் பாலியல் தொல்லை என்றால், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். சின்ன இடமாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். வீட்டில் வன்முறை என்றாலும், எங்கே போவது என்று தெரியாவிட்டாலும் 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். தகுதி இருந்தால், மருத்துவர் ஓய்வு எழுதித் தரும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். "லீவு போட்டா சம்பளம் போயிடும்" என்று காய்ச்சலோடு வேலைக்குப் போவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் உங்கள் தெருவுக்கு வரும்போது மாமியாருக்கு மட்டும் பிரஷர் பார்க்கச் சொல்லாமல், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. பயிற்சியை நேரில் பார்த்துக் கற்க வேண்டும் என்றால், அரசு மருத்துவமனைக்குப் போகும்போது யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு எங்கே என்று விசாரியுங்கள். அமிர்தி, கணியம்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

திங்கள், செவ்வாய்: பயிற்சி 1 மட்டும். பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேராகச் செய்தால் விட்டுப் போகாது.

புதன், வியாழன்: பஸ்ஸில் பயிற்சி 2-ஐயும் சேருங்கள்.

வெள்ளி: ரெக்கார்டிங்கைத் தயார் செய்து, இரவில் பயிற்சி 3. அந்த 8 நிமிடம் பிள்ளைகளை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். 289-க்கும் 88-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் 8 நிமிடம் பெரிய விஷயம் இல்லை.

சனி: சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்து, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்க்க ஒரு நாள் குறியுங்கள்.

ஞாயிறு: துணி துவைப்பதற்கும் வாரச் சமையலுக்கும் நடுவில் அரை மணி நேரம் மரத்தடியில் உட்காருங்கள். அமிர்திப் பக்கம் இருப்பவர்களுக்குக் காடும் ஆறும் பக்கத்திலேயே இருக்கின்றன. மற்றவர்களுக்கு வேப்பமரம் போதும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த பிறகு.